ஷோரூம் ஏ.எம்.சி. போடலாமா, வண்டியை நாமே பார்த்துக்கொள்ளலாமா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடைசி இலவச சர்வீஸுக்கு வண்டியை விடும்போதே கவுண்டரில் கேட்டுவிடுவார்கள்: "சார், ஏ.எம்.சி. போட்டுரலாமா?" வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு தொகையை முன்கூட்டியே கட்டினால், அடுத்த ஒரு வருடத்துக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சர்வீஸ், உதிரிப் பாகங்களில் கொஞ்சம் தள்ளுபடி, ஒன்றிரண்டு வாட்டர் வாஷ் கிடைக்கும். கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க, அந்தப் பணத்துக்கு என்ன வேலை நடக்கிறது, அதில் எதெல்லாம் நம் கையால் ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 100 முதல் 150 சி.சி. வரையிலான, கியர் உள்ள, ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு. ஸ்ப்ளெண்டர், ஷைன், பல்சர் 150 வகை. ஸ்கூட்டருக்கும் பெரிய வண்டிகளுக்கும் கணக்கு வேறு.

ஏ.எம்.சி.யில் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள்

பெரும்பாலான திட்டங்களில் நீங்கள் முன்கூட்டியே வாங்குவது கூலியை மட்டும்தான். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு முறையும் தனி பில். அதனால் கணக்கைக் கூலியை வைத்துத்தான் போட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. சாதாரண சர்வீஸ் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 472. நான்கு சர்வீஸுக்கு 1,888. ஏ.எம்.சி. 1,500 ரூபாய் என்றால் 388 ரூபாய் லாபம் என்று காகிதம் சொல்லும். ஆனால் வீட்டிலிருந்து அலுவலகம், கடைத்தெரு என்று வருடத்துக்கு 6,000 கி.மீ. மட்டுமே ஓடும் வண்டி, 3,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்ற கணக்கில் இரண்டு முறைதான் பட்டறைக்குப் போகும். அதற்கு 944 ரூபாய். மீதி இரண்டு கூப்பனும் காலாவதியாகிவிடும். கையேட்டில் கி.மீ.யோடு நாள் கணக்கும் போட்டிருப்பார்கள். அதைக் காட்டி மூன்றாவது சர்வீஸுக்கும் கூப்பிடுவார்கள். போனாலும் 1,416 தான் ஆகிறது.

மாறாக, டெலிவரி வேலையில் நாளொன்றுக்கு 80, 100 கி.மீ. ஓட்டுபவர் நான்கு கூப்பனையும் ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடுவார். அவருக்கு லாபம் உறுதி. மிச்ச மாதங்களுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கவுண்டரில் இவற்றைக் கேளுங்கள். ஆயில் சேருமா, கூலி மட்டுமா? கிளட்ச் பிளேட் மாற்றுவது, செயின் செட் மாற்றுவது போன்ற வேலைகளின் கூலியும் அடங்குமா, சாதாரண சர்வீஸ் மட்டுமா? வேறு ஊர் ஷோரூமில் செல்லுமா? வண்டியை விற்றால் வாங்குபவர் பெயருக்கு மாறுமா? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், அட்டையிலோ ரசீதிலோ எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏ.எம்.சி. மிச்சப்படுத்தும் தொகையைவிட அதிகமாக வெளியே இழுப்பது ஜாப் கார்டில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளை ஷோரூமில் எழுதும் சீட்டில், ஓரமாகச் சேர்க்கப்படும் வேலைகள்: இன்ஜின் ஃபிளஷ், டெஃப்லான் கோட்டிங், பெட்ரோலில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர். இவற்றில் எதுவும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள சர்வீஸ் அட்டவணையில் இல்லையென்றால் தைரியமாக வேண்டாம் என்று சொல்லலாம். மாற்றிய பழைய பாகங்களைக் கையில் கொடுக்கச் சொல்வதும் உங்கள் உரிமை. வண்டியை விடும்போதே சொல்லிவிட வேண்டும்.

வாரண்டி இருக்கும்வரை ஷோரூம்தான்

இதில் சமரசம் வேண்டாம். உரிய காலத்தில், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில், பதிவோடு சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது வாரண்டி நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும். கூடுதலாகப் பணம் கட்டி வாங்கிய நீட்டிப்பு வாரண்டிக்கும் இது பொருந்தும். 300 ரூபாய் கூலியை மிச்சம் பிடித்துவிட்டு, நாளை இன்ஜினில் கோளாறு வந்தால் "நீங்க சர்வீஸுக்கே வரலையே" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். முதல் சர்வீஸை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. பல வண்டிகளுக்கு அது 500 முதல் 750 கி.மீ.க்குள் வரும். புது இன்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் உலோகத் தூள் முழுக்க அந்த முதல் ஆயிலில்தான் சேர்ந்திருக்கும்.

ஆனால் வாரண்டிக் காலத்திலும் சரி, ஏ.எம்.சி. எடுத்த வருடத்திலும் சரி, ஆயில் மட்டம் பார்ப்பது, செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவது, டயரில் காற்றுப் பார்ப்பது மூன்றும் உங்கள் வேலை. இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே வண்டி 3,000 கி.மீ. ஓடுகிறது. அந்த இடைவெளியில் செயின் காய்ந்தால் எந்தக் கூப்பனும் உதவாது.

என்ன வாங்க வேண்டும்

வண்டியோடு வந்த டூல் கிட்டில் உள்ள பிளக் ஸ்பானரைத் தவிர மற்றதை நம்பாதீர்கள். மெல்லிய தகட்டு ஸ்பானர் போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும். 8, 10, 12, 14, 17 அளவுகளில் நல்ல ரிங் ஸ்பானர்கள் வேண்டும். பின் அச்சு நட்டுக்கு என்ன அளவு என்று வண்டியில் பார்த்து அதையும் தனியாக வாங்குங்கள். ஒரு நட்சத்திரத் திருப்புளி, ஒரு தட்டைத் திருப்புளி, குறடு, காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், புனல், அகலமான பழைய தட்டு, மில்லி குறியிட்ட அளவுக் குவளை, காட்டன் வேஸ்ட், ரப்பர் கையுறை. பிளக் இடைவெளி பார்க்க ஒரு ஃபீலர் கேஜ். போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் 'டார்க் ரெஞ்ச்' இருந்தால் நல்லது. முதல் நாளே வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் வண்டியின் கையேடு. தொலைந்துவிட்டால் பல நிறுவனங்களின் இணையதளத்தில் பி.டி.எஃப். கிடைக்கிறது. கீழே வரும் எந்த அளவும் உங்கள் கையேட்டோடு முரண்பட்டால் கையேடு சொல்வதே சரி.

ஆயில் மாற்றுதல்

வீட்டில் செய்யக் கற்க வேண்டிய முதல் வேலை இது. அரை மணி நேரம் போதும். கெடுத்துக்கொள்ளவும் அரை மணி நேரம் போதும் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எந்த ஆயில்? தடிமன் கையேட்டில் இருக்கும். 100 சி.சி. வண்டிகளில் 10டபிள்யூ-30 பரவலானது. பல்சர் வகைகளில் 20டபிள்யூ-50 வருவதுண்டு. "வண்டி பழசாயிடுச்சு, தடிமனான ஆயில் ஊத்துங்க" என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். கேட்காதீர்கள். மெல்லிய ஆயிலுக்காக அமைத்த துளைகளில் தடித்த ஆயில் காலை நேரத்தில் மெதுவாகத்தான் ஏறும், இழுவையும் குறையும். தடிமனைவிட முக்கியம் டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருப்பது. கியர் வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் அதே ஆயிலில் ஊறுகின்றன. கார் ஆயிலிலும், ஸ்கூட்டருக்கான எம்பி குறியிட்ட ஆயிலிலும் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் இருக்கலாம். ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது.

எத்தனை கி.மீ.க்கு? ஹீரோவின் 100 சி.சி. வண்டிகளுக்கு 6,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது, நடுவில் 3,000-இல் மட்டம் பார்த்து நிரப்புவது என்பதே நிறுவனம் சொல்லும் கணக்கு. தெரு மெக்கானிக் 2,000 என்பார். தினமும் இரண்டு கி.மீ. ஓடி நிற்கும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை, ஆயிலில் ஈரம் தங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குச் சீக்கிரம் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு இல்லை.

எவ்வளவு? கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: ஆயில் மாற்றும்போது ஒன்று, இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும்போது ஒன்று. நமக்கு வேண்டியது முதலாவது, அதாவது சிறிய எண். 100 சி.சி. வண்டிகளில் அது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள் இருக்கும். டப்பாவில் இருப்பதை முழுதாகக் கவிழ்ப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. மட்டம் மீறினால் ஆயில் நுரைத்து ஏர் ஃபில்டர் பெட்டி வரை ஏறிவிடும்.

இனி வேலை:

1. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அடி மண்டியோடு இறங்கும். சைலன்சர் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மேலே உள்ள ஆயில் மூடியைக் கழற்றுங்கள். காற்று உள்ளே போனால்தான் ஆயில் தாராளமாக வடியும்.

3. அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டைச் சுற்றித் துடைத்து, தட்டை வைத்துவிட்டு, சரியான அளவு ரிங் ஸ்பானரால் கழற்றுங்கள். குனிந்து மேலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். கழற்றுவதாக நினைத்து இறுக்கியே மரையைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

4. பத்து நிமிடம் வடியவிடுங்கள். சாவியை அணைத்த நிலையிலேயே கிக்கரை நாலைந்து முறை மெதுவாக மிதித்தால் மிச்சமும் வரும்.

5. வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பாக இருப்பது இயல்பு. மினுமினுக்கும் மெல்லிய தூள் சிறிதளவு இருக்கலாம். விரலில் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் வந்தாலோ, பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முன்னது தேய்மானம், பின்னது தண்ணீர்.

6. போல்ட்டில் உள்ள வாஷரை மாற்றுங்கள். சில ரூபாய்தான். பழைய வாஷர் நசுங்கியிருப்பதால் கசிவு வரும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவோம், அங்கேதான் மரை போகும். போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டுமே திருப்புங்கள். பிறகு ஸ்பானரால், உடல் பலத்தைப் போடாமல், மணிக்கட்டின் பலத்தில் இறுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு. மரை போய்விட்டால் லேத் பட்டறையில் புது மரை வெட்டிப் பெரிய போல்ட் போடலாம், அல்லது உள்ளே கம்பிச்சுருள் மரை வைக்கலாம். ஆயில் மாற்றும் கூலியைவிடப் பல மடங்கு ஆகும்.

7. ஃபில்டர் உள்ள வண்டியானால் அதையும் அதன் ஓ-ரிங்கையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றுங்கள். ஸ்ப்ளெண்டர் வகையில் மாற்றும் ஃபில்டர் கிடையாது. வலைச் சல்லடையும் சுழல் ஃபில்டரும் இன்ஜின் மூடியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும். அது பட்டறை வேலை.

8. அளவுக் குவளையில் அளந்து, கையேட்டு அளவில் 50 மில்லி குறைத்து ஊற்றுங்கள். மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, மேலும் மூன்று நிமிடம் காத்திருந்து மட்டம் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா செருகிப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் மட்டம் அதிகமாக இருப்பதுபோல் காட்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் சரி. குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

போலி ஆயில் சந்தையில் இருக்கிறது. நிறுவன ஷோரூமிலோ, பில் தரும் அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ மட்டும் வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் பாகங்கள் வாங்குபவர்கள்கூட ஆயிலை மட்டும் ஷோரூம் கவுண்டரில் வாங்குவது நல்லது. காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துப் போடுங்கள். முழுசாக வீசினால் அது மறுபடி நிரம்பி யாரோ ஒருவர் வண்டிக்கு வரும்.

செயின்

திறந்த செயின் உள்ள வண்டிக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் செயினைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு மூடி உள்ள வண்டிகளில் அழுக்குக் குறைவு, ஆனால் காய்வது கண்ணில் படாது. மூடியில் உள்ள ரப்பர் அடைப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை: இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சுழலும் செயினில் துணியையோ பிரஷையோ வைக்காதீர்கள். துணி செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே மாட்டினால் விரலும் கூடவே போகும். இன்ஜின் அணைந்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றியே எல்லாவற்றையும் செய்யுங்கள்.

பழைய டூத் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், ஓ-ரிங் உள்ள செயினில் ரப்பரை அது கெடுத்துவிடும். பிறகு 90 எண் கியர் ஆயிலை, கீழ்ப்புறச் செயினின் உள்பக்கத்தில், சக்கரத்தைச் சுற்றியபடி சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுழலும்போது ஆயில் வெளிப்பக்கம் நோக்கித்தான் போகும் என்பதால் உள்ளே விட வேண்டும். பத்து நிமிடம் கழித்து மிகுதியை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழியும் செயின் மண்ணைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும்.

தளர்வை, கீழ்ப்புறச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து, எங்கே அதிகம் இறுகியிருக்கிறதோ அந்த இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். தளர்ந்த இடத்தை வைத்து இறுக்கினால், இறுகிய இடம் வரும்போது கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். சத்தம் போகட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்கிய செயின், தளர்ந்த செயினைவிட மோசம்.

சரிசெய்ய, பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் கால் சுற்று கால் சுற்றாக ஒரே அளவில் திருப்புங்கள். இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணி நிற்கும். நட்டை இறுக்கிய பிறகு தளர்வை மறுபடி அளங்கள், இறுக்கும்போது அது மாறிவிடும். பின் டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் நகர்ந்திருப்பதால் பிரேக் ராடும் மாறியிருக்கும். பெடலில் 20 முதல் 30 மி.மீ. சும்மா இறங்கும் இடம் இருக்கிறதா, பிரேக் விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பின் சக்கரப் பல் கொக்கிபோல் வளைந்திருந்தாலோ, அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்குப் போய்விட்டாலோ மாற்ற வேண்டியதுதான். செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

மற்ற சின்ன வேலைகள்

பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் மெக்கானிக்கைப் பாருங்கள். இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மி.மீ.க்குள். புது பிளக்கைக் கையால் கடைசிவரை திருகி, அதன்பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று மட்டும்.

ஏர் ஃபில்டரில் ஒரு பொறி இருக்கிறது. நுரை வகை என்றால் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ஆயில் தோய்த்துப் பிழிந்து போடலாம். இப்போதைய பல வண்டிகளில் வருவது எண்ணெய் ஏற்றிய காகித ஃபில்டர். அதைக் கழுவவோ, காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது. கையேட்டுக் கணக்குப்படி மாற்றத்தான் வேண்டும். கருப்பாகத் தெரிவதாலேயே மாற்றச் சொன்னால், முந்தைய பில்லில் எத்தனை கி.மீ.யில் மாற்றினார்கள் என்று பாருங்கள்.

டயர் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில் பார்க்க வேண்டும். அளவு செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். பின்னால் ஆள் ஏற்றினால் வேறு எண். பேட்டரி, வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போடுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

வாட்டர் சர்வீஸில் அதிக அழுத்தத் தண்ணீரை சக்கர மையத்திலும் செயினிலும் நேராக அடிக்கவிடாதீர்கள். கழுவி முடித்துப் பளபளப்புக்காக டீசலோ எண்ணெயோ தெளிப்பதையும் தடுங்கள். டிஸ்க்கில் பட்டால் அடுத்த தெருமுனையில் பிரேக் பிடிக்காது.

வீட்டில் தொடக்கூடாதவை

டிஸ்க் பிரேக்கின் திரவம் மாற்றுவது, அதில் காற்று எடுப்பது, ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சம்பந்தப்பட்ட எதுவும், முன் ஃபோர்க் சீல், ஸ்டீயரிங் பேரிங், கிளட்ச் பிளேட். பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதுவரை உங்கள் வேலை. டேப்பட் இடைவெளி, அதாவது இன்ஜின் வால்வுக்கு விடும் இடைவெளி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. ஒருவர் செய்து காட்டிப் பழகாமல் முயலாதீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்ததிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. மீட்டரில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தால் கோளாறைப் படிக்கும் கருவி வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் பலரிடம் இப்போது அந்தக் கருவி இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஏ.எம்.சி.க்கும் வீட்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று தெரியவரும். வாரண்டி முடிந்த வண்டிக்கு, ஆயிலையும் செயினையும் நீங்களே பார்த்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை நம்பிக்கையான தெரு மெக்கானிக்கிடம் முழு சர்வீஸ் கொடுக்கலாம். பாகங்களைப் பில்லோடு நீங்களே வாங்கிக்கொடுத்து, கூலியை மட்டும் அவருக்குத் தாருங்கள். குறைவாக ஓட்டுபவர்களுக்கு இதுவே சிக்கனம். நேரமே இல்லாதவர்கள், அதிகம் ஓட்டுபவர்கள், வண்டி நிறுத்தச் சமதரைகூட இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் கூலிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏ.எம்.சி. எடுப்பதில் தவறே இல்லை.

வெள்ளத்தில் இன்ஜின்வரை மூழ்கிய வண்டி மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. சாவியைத் திருப்பாதீர்கள், கிக்கரை மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள், காப்பீடு இருந்தால் அதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தேதி, கி.மீ., ஆயிலின் பெயர், பில் சகிதம் ஒரு நோட்டில் வையுங்கள். விற்கும்போது கேள்வி வரும். வடித்த ஆயில் அபாயக் கழிவு, சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டு வருபவர்கள் உண்டு, அதுவும் கடைசியில் மண்ணில்தான் சேரும். மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, பழைய ஆயிலை டிரம்மில் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். கேனின் மேல் "பழைய ஆயில்" என்று பெரிதாக எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.